பழைய பங்களாவுக்கு மரத்தளம் போடுவதற்கு முன் மழையில் போய் நில்லுங்கள்

மார்ச் மாதம் பிறந்தால் போதும், என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. "மே மாதம் கோடை விழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அதற்குள் பங்களாவுக்கு முன்னால் ஒரு டெக் போட்டுத் தர முடியுமா?" என்று ஏற்காட்டிலிருந்து யாராவது கேட்பார்கள். முடியாது என்றுதான் சொல்வேன். ஆள் இருக்கிறார்கள், மரமும் இருக்கிறது. அந்த வீட்டை நான் இன்னும் மழையில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தில் அப்பா தொடங்கிய மரப்பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன். கதவு, ஜன்னல், கட்டில் என்று ஓடிக்கொண்டிருந்த பட்டறைக்குள் டெக் என்ற சொல் நுழைந்து 15 ஆண்டுகள் இருக்கும். என் அம்மா அதைப் பலகைத் திண்ணை என்பார். எனக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும். திண்ணை கட்டுவது எப்படி என்று நம் ஊர்க் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் பல தலைமுறையாகத் தெரியும். மரத்தூண் கல்லின் மேல் நிற்கும், மண்ணைத் தொடாது. சாரல் அடிக்காத அளவுக்குக் கூரை முன்னால் இறங்கியிருக்கும். டெக் என்று பெயர் மாறியவுடன் இரண்டையும் மறந்துவிட்டு, தூணை மண்ணில் நட்டு, வானத்தைப் பார்க்கப் பலகையை விரித்துவிடுகிறோம். பிறகு மூன்றாம் ஆண்டு கால் உள்ளே போனால் மரத்தைத் திட்டுகிறோம்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையில் இடிமழை, பிறகு தென்மேற்குப் பருவம், அது முடிவதற்குள் வடகிழக்குப் பருவம் என்று அங்கே மரம் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. மழை ஓய்ந்தாலும் பனிமூட்டம் வந்து பலகையை நனைக்கும். ஆகவே இங்கே டெக் கட்டுவது என்றால் நனையாமல் பார்த்துக்கொள்வது நடக்காத காரியம். நனைந்தது சீக்கிரம் காய வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் அந்த ஒன்றுக்காகத்தான்.

முதல் வேலை: குடையுடன் அரை நாள்

நல்ல மழை பெய்யும் நாளில் போய் அரை நாள் உட்காருங்கள். கையில் ஒரு சுண்ணாம்புக்கட்டியும் சில மூங்கில் குச்சிகளும் போதும். கூரை நுனியிலிருந்து தண்ணீர் விழும் கோட்டைப் பாருங்கள். மங்களூர் ஓடு வேய்ந்த பங்களாக்களில் அந்தக் கோடு சுவரிலிருந்து இரண்டு, இரண்டரை அடி தள்ளித் தரையில் பள்ளமாகவே விழுந்திருக்கும். அங்கே குச்சி நடுங்கள். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்திலும் குச்சி. சுவரில் எந்த உயரம் வரை சேறு தெறித்திருக்கிறது என்று பார்த்து, அங்கே சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். வீட்டுக்காரர் தேநீர் கொடுத்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு வேலை தெரியுமா என்ற முகத்தோடு உள்ளே போவார். போகட்டும்.

பழைய பங்களா என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சுவரின் அடியில், பீடத்தில், ஒரு கையளவு ஓட்டைகள் வரிசையாக இருக்கும், சிலவற்றில் இரும்பு வலை இருக்கும். வீட்டுக்குள் மரத்தளம் போட்டிருந்தால் அதன் அடியில் காற்று போய்வரும் வழி அது. எலிப் பொந்து என்று நினைத்துச் சிமெண்டு அடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் டெக் அந்த ஓட்டைகளை மறைத்தால் வெளியே புதுப் பலகை மின்னும், உள்ளே நூறு வருடப் பலகை மக்கும்.

பழைய சுவரைத் தொடாதீர்கள்

இதை நான் கற்றது வெட்கக்கேடான வழியில். என் முதல் டெக்கை ஒரு எஸ்டேட் பங்களாவில் போட்டேன். வெளிநாட்டுப் படங்களில் பார்த்தபடி, வீட்டுச் சுவரிலேயே ஒரு உத்திரத்தை வைத்து போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல், பலகையைத் தாங்கும் சட்டங்களின் ஒரு முனையை ஏற்றினேன். ஒரு வரிசைத் தூண் மிச்சம் என்று பெருமை வேறு. துளையிடும்போதே துரப்பணம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது; வெள்ளைப் பொடியாகக் கொட்டியது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த தை மாதம் வீட்டுக்காரம்மா கூப்பிட்டார். உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே தங்கிய தண்ணீர் சுவருக்குள் இறங்கி, படுக்கையறையின் உட்பூச்சு ஆள் உயரத்துக்கு உப்பிப்போயிருந்தது. உத்திரத்தைக் கழற்றினால் அதன் பின்பக்கம் அவித்த கிழங்குபோல விரலுக்கு அகப்பட்டது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. "அந்தச் சுவர் சுண்ணாம்பு, கண்ணு. அது மூச்சு விடும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் காலத்துச் சுவர்கள் கல்லையோ செங்கல்லையோ சுண்ணாம்புக் காரையில் வைத்துக் கட்டியவை. காரை மிருதுவானது. நனைந்தால் உறிஞ்சிக்கொண்டு, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். நவீன சிமெண்டுச் சுவரில் நிற்கும் விரியும் போல்ட் அதில் நிற்காது. பாரம் ஏறினால் காரையோடு பெயர்ந்து வரும். ஓட்டையை அடைக்கிறேன் என்று மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், உப்பு பூக்கும், செங்கல்லின் முகம் தோலுரியும். ஆகவே பழைய துளை, விரிசல் எதுவாக இருந்தாலும் சுண்ணாம்பால்தான் அடைக்க வேண்டும். நீற்றி வடிகட்டிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்க்கத் தெரிந்த வயதான கொத்தனார் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

இப்போது என் டெக்குகள் எல்லாம் தங்கள் காலிலேயே நிற்பவை. சுவர்ப் பக்கத்துக்கும் ஒரு வரிசைத் தூண் உண்டு. சுவருக்கும் முதல் பலகைக்கும் நடுவே குறைந்தது இரண்டு அங்குலம் வெறும் காற்று. அந்த ஓரத்தில் கூரைத் தண்ணீர் விழும் கோடு வந்தால், பலகையை அந்தக் கோட்டுக்கு வெளியே தொடங்கி, சுவரடியில் இருக்கும் பழைய கல்வாய்க்காலை அப்படியே விட்டுவிடுவேன். வாசலிலிருந்து டெக்குக்குப் போக மட்டும் வாய்க்காலின் மேல் கழற்றி எடுக்கும்படியான ஒரு மரக் கிராதி. தண்ணீர் பலகையில் விழுந்து சுவரில் தெறிக்கும் தொல்லை அதோடு போயிற்று. டெக்கின் மட்டம் வாசற்படியைவிட ஒரு படி, அதாவது ஐந்து ஆறு அங்குலம், கீழே இருக்கட்டும். வீட்டுத் தரையும் டெக்கும் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும் என்று கட்டடக் கலைஞர்கள் ஆசைப்படுவார்கள். படம் அழகாகத்தான் இருக்கும். அக்டோபர் மாதம் வரவேற்பறையைத் துடைக்கப்போவது அவர்கள் அல்லர்.

நாளைக்கே வேண்டாம் என்று தோன்றினால் போல்ட்டுகளைக் கழற்றி டெக்கை எடுத்துவிடலாம், பங்களாவின் மேல் ஒரு கீறல் இருக்காது. பழைய வீட்டில் கை வைக்கும்போது எனக்கு அதுதான் கணக்கு.

தண்ணீர்க்கரை என்றால்

ஏரி, எஸ்டேட் குட்டை, மலையடிவாரத்தில் கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம், அல்லது மேட்டூர் நீர்த்தேக்கத்தைப் பார்த்த தோட்டவீடு என்று எதுவானாலும், முதலில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று தெரிய வேண்டும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1934 முதல் மேட்டூர் அணையின் 120 அடிக் கணக்கைச் செய்தித்தாளில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் முழுகிக் கிடக்கும் நந்தி சிலை தலைகாட்டும், ஏறினால் நேற்று ஆடு மேய்ந்த இடத்தில் பரிசல் ஓடும். கோடையில் போய்க் கரையைப் பார்த்துவிட்டு அளவெடுப்பவன் ஏமாந்துபோவான். பாறையிலும் மரத்தடியிலும் படிந்திருக்கும் பழைய நீர்க்கோட்டைத் தேடுங்கள், அக்கம்பக்கத்தில் வயதில் மூத்தவரைக் கேளுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடியாவது விட்டுத்தான் உத்திரத்தின் அடிமட்டம் வர வேண்டும்.

அதற்கு முன்பே, நிலம் உங்களுடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு நில அளவரை அழைத்துக் கல் காட்டச் சொல்லுங்கள். வேலிக்கு உள்ளே இருப்பதெல்லாம் பட்டா நிலம் என்று நம்பி, பாதி டெக்கை நீர்நிலைப் புறம்போக்கில் போட ஒருவர் என்னிடம் வந்தார். மறுத்துவிட்டேன். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மலையில் கட்டடத்துக்கும் மரம் வெட்டுவதற்கும் தனி அனுமதிகள் உண்டு. தோட்டத்தில் நீங்களே நட்ட சில்வர் ஓக் ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் கோடரியை எடுக்க வேண்டும்.

தண்ணீரில் நிற்கும் தூண் மரமாக இருக்கக் கூடாது. பழைய கிணறுகளைத் தூர் வாரும்போது அடியில் கிடக்கும் மரவளையம் இன்னும் கெட்டியாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். முழுதாக முழுகிய மரத்துக்குக் காற்று போகாது, காளான் பிடிக்காது. முழுக்கக் காய்ந்த மரமும் பிழைத்துக்கொள்ளும். நீர்மட்டத்தில், ஒரு மாதம் நனைந்து ஒரு மாதம் காயும் அந்த ஒரு முழ இடத்தில்தான் எல்லாத் தூணும் கழுத்து ஒடிகிறது. அந்த இடத்தைக் கல்லுக்கோ கான்கிரீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள். சேலத்தில் கருங்கல்லுக்கா பஞ்சம்? அஸ்திவாரம் தோண்டும்போது மேலே இருக்கும் வண்டலையும் கொட்டிய மண்ணையும் நம்பாதீர்கள். கடப்பாரை போட்டால் கை அதிரும் கெட்டி மண் வரும்வரை போக வேண்டும். இரண்டடியிலும் வரும், ஐந்தடியிலும் வரும்.

எந்த மரம்

தேக்கின் வைரம் பாய்ந்த பகுதி நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். அதே தேக்கின் வெள்ளைப் பகுதி சாதாரண விறகுதான் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். தேக்கு என்று சொல்லிப் பாதி வெள்ளையோடு அறுத்து, அதன் மேல் பழுப்புச் சாயம் தடவி அடுக்கிவைத்திருப்பார்கள். பலகையின் முனையை இழைப்புளியால் இரண்டு இழை இழைத்துப் பாருங்கள், அல்லது ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயத்துக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் வாங்காமல் வந்தாலும் பரவாயில்லை.

வேங்கை, மருது, கோங்கு மூன்றும் உத்திரத்துக்கும் சட்டத்துக்கும் நன்றாக உழைக்கும். கோங்கு கிடைத்தால் அதைத் தண்ணீர்க்கரை வேலைக்கு ஒதுக்கிவைப்பேன். படகு கட்டிய மரம் அது. வேங்கை நனைந்தால் சிவப்பாகச் சாயம் விடும், முதல் இரண்டு மழையில், கீழே இருக்கும் சிமெண்டுத் தரை பாழாகும். எனக்கு மிகவும் பிடித்தது பழைய வீடு இடித்த மரம். ஐம்பது, அறுபது ஆண்டுகள் கூரையில் இருந்து அடங்கிய உத்திரம் இனி முறுக்காது. வாங்கும் முன் சுத்தியலின் பின்பக்கத்தால் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீர் என்னும், உளுத்த இடம் பொத்தென்று விழும். ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடி எடுக்காமல் அறுவை ஆலைக்கு அனுப்பினால் அங்கே உங்களுக்கு அடுத்த முறை மரியாதை இருக்காது.

ஏற்காட்டுக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "எங்கள் தோட்டத்திலேயே சில்வர் ஓக் நிற்கிறதே?" 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அந்தக் காப்பித் தோட்டங்களில் இப்போது நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக்தான். வீட்டுக்குள் அலமாரிக்கு அழகான மரம். வெளியே, மருந்து ஏற்றாமல் போட்டால், இரண்டு மூன்று மழைக்காலத்துக்குமேல் தாங்காது. அழுத்தத்தில் மருந்து ஏற்றும் ஆலையில் கொடுத்து வாங்கினால் சட்டங்களுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பச்சை நிறம் ஏறிய அந்த மரத்தில் தாமிரம், குரோமியத்தோடு ஆர்செனிக்கும் இருக்கலாம். மலைக்குளிரில் வேலையாட்கள் அறுத்த துண்டுகளைப் போட்டுத் தீ மூட்டிக் கை காய்ச்சுவார்கள். இந்தத் துண்டுகளை மட்டும் எரிக்க விடாதீர்கள், அந்தப் புகை விஷம். துண்டுகளை எண்ணி மூட்டை கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் கலந்த பலகைகளைப் பற்றியும் கேட்பார்கள். உளுக்காது, உண்மைதான். வெயிலில் கால் வைக்க முடியாது, நீளவாக்கில் விரியும், அதைவிட முக்கியமாக, நூற்றாண்டு பங்களாவின் முன்னால் அது ரயில் பெட்டியின் படுக்கை மாதிரி இருக்கும். புது வீட்டுக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தை மலைக்கு ஏற்றுவது

சேலத்திலிருந்து நேர்ப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 16 அடி உத்திரத்தைச் சின்ன வண்டியில் வாலை நீட்டிக்கொண்டு கொண்டுபோனால் ஏழாவது வளைவில் பின்னால் வரும் பஸ் ஓட்டுநர் உங்கள் குலத்தையே விசாரிப்பார். எந்தத் துண்டும் 11 அடிக்கு மேல் போகாதபடி பட்டறையிலேயே அறுத்து, துளையிட்டு, எண் போட்டு ஏற்றுவதுதான் என் வழக்கம். குப்பனூர் வழியாக வரும் மற்றொரு பாதையில் போனாலும் அதே அளவுதான்.

மேலே போன மரத்தை உடனே அடிக்காதீர்கள். சேலத்து வெயிலில் காய்ந்த பலகை மலை ஈரத்தைக் குடித்து உப்பும். கார் நிறுத்தும் கொட்டகை போன்ற, மழை படாத, காற்று வரும் இடத்தில் குறுக்கே ரீப்பர் கட்டைகளை வைத்து இரண்டு மூன்று வாரம் அடுக்கிவையுங்கள். வேலைக்கு ஏற்ற காலம் தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை.

ஒரு கணக்கு: 16 அடிக்கு 10 அடி

சென்ற ஆண்டு போட்ட ஒரு டெக்கை அப்படியே சொல்கிறேன். சுவருக்கு இணையாக 16 அடி, வெளியே 10 அடி. பால்கனி போன்ற இடங்களுக்குச் சதுர மீட்டருக்கு 300 கிலோ தாங்க வேண்டும் என்று கணக்குப் போடுவது வழக்கம். 15 சதுர மீட்டர் என்றால் நாலரை டன். இவ்வளவு எதற்கு என்பார்கள். பொங்கலுக்குக் குடும்பப் படம் எடுக்கும்போது இருபது பேரும் ஒரே மூலையில்தான் போய் நிற்பார்கள்.

சுவருக்கு இணையாக மூன்று உத்திரங்கள், 3 அங்குலத்துக்கு 6 அங்குலம். முன்னாலும் பின்னாலும் அரை அடி வெளியே நீட்டிவிட்டால் உத்திரங்களுக்கு இடையே நாலரை அடி வரும். ஒவ்வொரு உத்திரத்துக்கும் ஐந்தடிக்கு ஒன்றாக நான்கு தூண்கள், ஆக 12. உத்திரம் ஒட்டும் இடம் தூணின் தலைமேல்தான் வர வேண்டும் என்பதால் பத்தரை அடி ஒன்று, ஐந்தரை அடி ஒன்று என்று அறுத்தேன். தூண்கள் 4 அங்குலச் சதுரம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்றரை அடிச் சதுரக் கான்கிரீட், அதன் மேல் தரையிலிருந்து அரை அடி எழும்பும் கருங்கல் பாதம், அதில் துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புக் காலணி. மரத்தின் அடிமுனை கல்லில் நேராக உட்காராமல் காலணியில் அரை அங்குலம் தூக்கி நிற்கும், காற்றும் போகும். கறையான் மேலே ஏற வேண்டுமானால் கல்லின் மேல் மண்கோடு போட்டுத்தான் வர வேண்டும், வந்தால் கண்ணில் பட்டுவிடும்.

12 பாதங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். தண்ணீர் நிரப்பிய டியூப் போதும், அதன் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். டியூபுக்குள் காற்றுக் குமிழி இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உத்திரங்களின் மேல் 2 அங்குலத்துக்கு 5 அங்குலச் சட்டங்கள், 16 அங்குலத்துக்கு ஒன்றாக 13. பலகை ஒட்டு வரும் இடங்களில் இரட்டைச் சட்டம், ஆக 16. ஒட்டில் இரண்டு பலகை முனைகளும் ஒரே சட்டத்தைப் பங்குபோட்டுக்கொண்டு இறுக்கமாக நின்றால் அங்கேதான் முதலில் உளுக்கும். ஆளுக்கொரு சட்டம் கொடுத்து நடுவே கால் அங்குலம் விடுங்கள். ஒரு வரிசையில் எட்டடியும் எட்டடியும், அடுத்த வரிசையில் பத்தடி எட்டு அங்குலமும் ஐந்தடி நாலு அங்குலமும் என்று மாற்றிப் போட்டால் எல்லா ஒட்டும் சட்டத்தின் மேலேயே வரும். அந்த நீளத் துண்டை வரிசைக்கு வரிசை பக்கம் மாற்றுங்கள். சட்டத்தின் முதுகில், பலகை உட்காரும் முன், தார் ஷீட்டைக் கீறி இரு பக்கமும் சற்று வழியும்படி ஒட்டுங்கள். செலவு மிகக் குறைவு. திருகு இறங்கும் துளை வழியாகத் தண்ணீர் சட்டத்துக்குள் போகாமல் காப்பது இதுதான்.

பலகை 5 அங்குல அகலம், இழைத்தபின் ஓர் அங்குலக் கனம். நன்றாகக் காய்ந்த பலகைக்குக் கால் அங்குல இடைவெளி. இன்னும் ஈரம் இருக்கும் பலகைக்கு அதில் பாதி, காய்ந்தால் தானே அகலும். இடைவெளியைக் கண்ணால் பார்த்து வைக்காதீர்கள், ஒரே கனத்தில் நாலு மரச்சீவல் செய்து நடுவில் சொருகுங்கள். ஆணி கூடவே கூடாது. இரும்பும் தேக்கும் மழையில் சேர்ந்தால் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் மை கொட்டியதுபோலக் கறுக்கும். எவர்சில்வர் திருகு போடுங்கள், இரண்டரை அங்குல நீளம், ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு. ஏரித் தண்ணீர் உப்பில்லாதது, ஆகவே 304 ரகமே போதும். கடற்கரைக்குத்தான் 316 வேண்டும். இந்த அளவுக்கு எனக்கு ஏறத்தாழ 650 திருகுகள் ஆயின. முன்துளை போடாமல் வைரத்தில் முறுக்கினால் திருகின் தலை கையோடு வரும். தலையைப் பலகை மட்டத்துக்கு இறக்கினால் போதும். இன்னும் ஆழமாக அமுக்கினால் 650 குட்டிக் கிணறுகள் வெட்டியதாக ஆகும்.

அறுத்த முனைகள் ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே உருக்கிய மெழுகோ கெட்டிப் பெயிண்டோ தடவிவிட வேண்டும். மரம் முகத்தால் குடிப்பதைவிட முனையால் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். மரம் மொத்தம் கைப்பிடியும் கழிவும் சேர்த்து ஏறத்தாழ 45 கன அடி வந்தது.

தரைக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒன்றரை அடியாவது இருக்கட்டும். ஒரு ஆள் தவழ்ந்து போய்ப் பார்க்க முடியாத டெக்கை நான் கட்டுவதில்லை. அடியில் புல்லைச் செதுக்கி, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் சரிவு கொடுத்து ஜல்லி பரப்பிவிடுங்கள். நடுவில் பலாவோ சில்வர் ஓக்கோ நின்றால் வெட்ட வேண்டாம். சுற்றிலும் நாலைந்து அங்குலம் இடம் விட்டுப் பலகையை நிறுத்துங்கள். மரம் காற்றில் ஆடும், பருக்கும். அதன் வேரை வெட்டி அங்கே தூண் வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

கைப்பிடி ஒரு மீட்டர் உயரம். அதன் கம்பிகளைப் படுக்கைவாட்டில் வைத்தால் குழந்தைகளுக்கு ஏணி, செங்குத்தாக நிறுத்திவையுங்கள். கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அளவுகோல் இல்லையென்றால் நடுத்தர அளவு உரித்த தேங்காய் நுழையாமல் இருந்தால் சரி. கைப்பிடியின் மேல்முகத்தைத் தட்டையாக விடாமல் லேசாக வளைத்து இழையுங்கள். மழையும் நிற்காது, காப்பிக் கோப்பையும் நிற்காது. இரண்டாவதற்காக என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு.

எண்ணெயும் பாசியும்

வார்னிஷ் வேண்டாம். உள்ளே போட்ட பளபளப்பு வெளியே ஒரே ஆண்டில் செதிலாக உரியும், அந்தச் செதிலுக்கு அடியில் தண்ணீர் தங்கும். மரத்துக்குள் இறங்கும் எண்ணெய்தான் சரி. அப்பா உத்திரத்துக்கும் சட்டத்துக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிப்பார், படகுக்காரர்களின் பழைய வழி. மரம் கறுத்துவிடும், பூச்சி கிட்டே வராது. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் கொப்பளிக்கும், ஆகவே கால் படும் பலகைக்கு அது ஆகாது. பலகைக்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த டெக் எண்ணெய் வாங்குங்கள். வெறும் ஆளி விதை எண்ணெய் அடித்தால் ஏற்காட்டு ஈரத்தில் கரும்பூஞ்சைக்கு விருந்து வைத்ததாகும். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவும் கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள். ஏரிக்கரையில் இந்த எண்ணெய், மருந்து வேலை எல்லாவற்றையும் பட்டறையிலேயே முடித்துக்கொண்டு போய்விடுங்கள். தண்ணீரில் சொட்டினால் மீனுக்கு ஆகாது.

ஆண்டுக்கு ஒரு முறை, மாசி மாதம், விறைப்பான துடைப்பத்தால் பலகையின் நீளவாக்கில் தேய்த்துப் பாசியை எடுத்து, நாலைந்து நாள் காயவிட்டு, ஒரு கை எண்ணெய். வண்டி கழுவும் அழுத்த நீரை மரத்தின் மேல் பீய்ச்சாதீர்கள், மரத்தின் நாரைக் கிளப்பிவிடும். சில்வர் ஓக் சருகு இடைவெளிகளில் போய் அடைந்து ஊறும். தேய்ந்த ஹேக்ஸா பிளேடைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டிவையுங்கள், போகிறபோது வருகிறபோது ஒரு இழு இழுத்தால் போதும். குரங்குகள் திருகைக் கழற்றுமா என்று ஒரு அம்மா கேட்டார். திருகைக் கழற்றாது, ஆனால் தளர்ந்த கம்பி எது என்று உங்களுக்கு முன்னால் அவற்றுக்குத் தெரியும். அவை எதைப் பிடித்து ஆட்டுகின்றன என்று பார்த்து, அந்த போல்ட்டை இறுக்குங்கள்.

முதல் பெருமழை முடிந்த மறுநாள் கையில் டார்ச்சோடு டெக்கின் அடியில் தவழ்ந்து போங்கள். மேலே எல்லாம் காய்ந்திருக்கும் நேரத்தில், காலை பத்து மணிக்கு மேல். எந்தச் சட்டத்தின் முதுகில், எந்த ஒட்டில் இன்னும் ஈரம் மினுக்குகிறதோ அங்கே சுண்ணாம்புக்கட்டியால் ஒரு குறி. மேலே வந்து அந்த இடத்துப் பலகையைக் கழற்றி, இடைவெளியை அகலப்படுத்தி மறுபடி முறுக்குங்கள். மிஞ்சிய பலகையில் நாலைந்தை அடியில் உத்திரங்களின் குறுக்கே கட்டிவைத்துவிட்டு வாருங்கள். பத்து ஆண்டு கழித்து ஒன்றை மாற்ற வேண்டி வந்தால் நிறம் ஓரளவு ஒத்துப்போகும்.